கால் வைக்கவே இல்லை

வைக்கவே இல்லை. கால் வைக்கவே இல்லை. ஏழாவது செக்‌ஷனின் வரிசையில் வண்டியை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு நின்றிருந்த மயில்சாமிக்கு அது ஒன்றைத் தவிர உலகத்தில் வேறெதுவும் உறுதியாகத் தெரியவில்லை. முன்னால் ஆறு பேர். ஒவ்வொருத்தனாகப் போய்த் தொலைய இருபது நிமிடமாவது ஆகும். சித்திரை வெயில், பிற்பகல் மூன்று மணி, பாலக்காட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிக் கிடக்கும் இந்தப் பாழடைந்த கல்குவாரியில் பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. சாய்ந்துகொள்ளலாம் என்று பக்கத்துப் பாறையில் கையை வைத்தவன் சுரீரென்று சுட்டதும் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். மூன்றாவது செக்‌ஷனில், காலையில், சப்பட்டைப் பாறையிலிருந்து இறங்கி இடப்பக்கம் ஒடிக்கிற இடத்தில், மச்சான் சிவராசு ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒரு விரல் என்றால் கால் ஒரு தடவை தரையில் பட்டது என்று அர்த்தம். மூடிய கை என்றால் படவே இல்லை, சுத்தம். ஐந்து விரலையும் விரித்தால் விழுந்தாய், தொலைந்தாய், ஓரமாகப் போ. டிரயல்ஸ் என்கிற இந்த விளையாட்டில் வேகம் கிடையாது, யாரும் யாரையும் முந்தவும் வேண்டாம்; செக்‌ஷன் என்று கயிறு கட்டிப் பிரித்த அறுபது எழுபது அடிப் பாறையையும் பள்ளத்தையும் சேற்றையும் பைக்கின் மேல் நின்றபடியே, காலைக் கீழே ஊன்றாமல் கடந்து வெளியே வந்தால் போதும். கால் பட்டதா, படவில்லையா. இது ஒன்றுதான் கேள்வி. அதைப் பார்த்துச் சொல்ல ஒரு நடுவர், அவர் காட்டிய விரலுக்கு மேல் பேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்ட இடத்தில் கொண்டுபோய் இந்த மனுஷனையா நிறுத்துவது? கண் என்ன புறமண்டையிலா இருக்கிறது? மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்று எவன் சொன்னானோ அவனுக்குச் சிவராசு மாதிரி ஒரு மச்சான் வாய்த்திருக்க மாட்டார். பெண்டாட்டியின் கூடப் பிறந்த அண்ணன், பத்து வருஷமாக இதே கிளப்பில் கூடவே திரிகிற ஆள், தீபாவளிக்கு அவர் வீட்டில்தான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது, அவர் தூக்குகிறார் ஒரு விரலை. அதுவும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. தப்பு செய்கிறவன்தான் முகத்தைத் திருப்புவான். வைக்கவே இல்லை.

முதல் ஆள் உள்ளே போய்ச் சேற்றில் சறுக்கி மூன்று விரல் வாங்கினான். வாங்கட்டும். பம்ப் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகச் சோதனைப் பிரிவில் நிற்கிறவன் மயில்சாமி. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு கசிந்தாலும் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஓரம் தள்ளுகிறவன். மேனேஜர் வந்து கெஞ்சினாலும் குறியை அழிக்காதவன். அவனுக்கா கால் பட்டதும் படாததும் தெரியாது? அதோ ரெண்டாவதாகப் போகிறான் விசாகன். மில்லுக்காரர் வீட்டுப் பிள்ளை, இருபத்தாறு வயது, ஸ்பெயினிலிருந்து கப்பலில் இறக்கிய வண்டி, மொத்த எடையே எழுபது கிலோ, கிளட்சை ஒரு விரலால் பிடித்தால் வெண்ணெயாட்டம் உள்ளே போகும். போய் என்ன? வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு குதி, பின் சக்கரத்தைத் தூக்கி ஒரு குதி, திரும்ப ஒரு குதி. இது வண்டி ஓட்டுவதா, தவளை ஓட்டுவதா? வண்டி என்றால் உருள வேண்டும். பாறை என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுக்கொண்டு, நிற்காமல், ஒரே ஓட்டமாக, தண்ணீர் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். குதிக்கிறவனுக்குப் பாறையோடு என்ன பேச்சு இருக்கிறது? மயில்சாமியின் வண்டி அவனே வெட்டி ஒட்டியது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி, சீட்டைக் கழற்றியாயிற்று, பின் பல்சக்கரத்தைப் பெரிசாக்கியாயிற்று, பின் டயருக்கு அஞ்சு பாயின்ட் காற்று, அதற்கு மேல் அரைப் பாயின்ட் ஏறினாலும் ஒத்துக்கொள்ள மாட்டான். டயர் மாவு மாதிரி அமுங்கிக் கல்லைக் கவ்வ வேண்டும். போன வருஷத்திலிருந்து அவன் ஊன்றிச் சொல்லிவருகிற இன்னொன்று, செக்‌ஷன் முழுக்க ஒரே கியர். உள்ளே போகும்போது ரெண்டாவது, வெளியே வரும்போதும் ரெண்டாவது. நடுவில் கியர் மாற்றுகிறவன் தொழில் தெரியாதவன் என்று கிளப் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னான். முன்னெல்லாம் நீயே மாத்துவியே மயிலு என்று யாரோ கேட்டதற்கு, அப்போது புத்தியில்லை என்றான். மிதியில் கூர்ப்பல் வைத்துப் பற்றவைத்ததும் போன வருஷம்தான். பூட்ஸ் வழுக்காமல் கடித்துப் பிடிக்க வேண்டும், எல்லாரும் இப்படித்தான் வைக்க வேண்டும் என்றான். இடது பூட்ஸின் அடி மட்டும் தேய்ந்துபோய், பழைய டயரைக் கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டவேண்டி வந்ததுகூடக் கியர் பெடலால்தான். ஒரே கியரில் ஓட்டுகிறவனுக்குக் கியர் பெடலால் எப்படித் தேயும் என்று யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். விசாகனைப் பார்த்துத்தான் அதை நினைத்தான். ஆனால் விசாகன் சேற்றுக்கு மேலே ஒரே எம்பாக எம்பி, படிப்பாறையில் ஏறி நின்று, மெதுவாக இறங்கி வெளியே வந்துவிட்டான். நடுவர் கையை மூடிக் காட்டினார். சுத்தம். கைதட்டினார்கள். ஏழாவதுதான் கடைசி; விசாகன் மொத்தம் பன்னிரண்டில் முடித்துவிட்டான். மயில்சாமி இதுவரை பதினொன்று. இங்கே குறைந்த எண்தான் ஜெயிக்கும். மச்சான் அந்த விரலைத் தூக்காமல் இருந்திருந்தால் பத்து.

கோப்பை கிடக்கட்டும், தகரக் கோப்பை. அதுவா விஷயம்? அது இல்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்கத்தான் இத்தனை கோபம் தேவைப்பட்டது. போன ஐப்பசியில் உழவர் சந்தையிலிருந்து ரெண்டு கையிலும் பையோடு வண்டி ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பொம்பளை கூப்பிட்டாள். "ஏனுங்ணா, ஒத்தச் செருப்ப உட்டுட்டுப் போறீங்க பாருங்க." திரும்பிப் பார்த்தால் முப்பது அடிக்குப் பின்னால் இடது செருப்பு கிடக்கிறது. முப்பது அடி. சரளைக் கல்லின் மேல் வெறுங்காலோடு முப்பது அடி நடந்திருக்கிறான், பேசாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறான். வார் தளர்ந்துபோன செருப்பு என்று அன்றைக்கே வேறு வாங்கிவிட்டான். செருப்பை மாற்றியாயிற்று, முடிந்தது. அப்புறம் மார்கழியில் ஒருநாள் காலை, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பெண்டாட்டி கலாமணி அடுக்களையிலிருந்து வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஏனுங்க, வாசல்லருந்து ஊடு பூரா ரத்தமுங்க. ஆருக்கு?" ஆருக்கா, அவனுக்குத்தான். கண்ணாடிச் சில்லு ஒன்று இடது பாதத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. வாசலிலிருந்து நாற்காலி வரை வரிசையாகச் சிவப்புக் குறி, அவனே சாக்பீஸால் போட்டது மாதிரி. சர்க்கரை இருப்பது தெரியும், அஞ்சாறு வருஷமாக மாத்திரை, அதையும் நினைத்தால் போடுவான், நினைக்காவிட்டால் இல்லை. சர்க்கரை யாருக்குத்தான் இல்லை. ஆனால் அந்தக் காயத்தைக் காட்டப் போனபோது டாக்டர் கையில் ஒரு நைலான் நரம்பை எடுத்துக்கொண்டு, "கண்ண மூடிக்கங்க, தொட்டதும் சொல்லுங்க" என்றார். வலது காலில் தொடத் தொடச் சொன்னான். இடது காலுக்குக் காத்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான், காத்திருந்தான், மின்விசிறிச் சத்தம் கேட்டது, வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். "இன்னும் ஆரம்பிக்கலீங்களா டாக்டர்?" என்றான். டாக்டர், "பத்து எடத்துல தொட்டுட்டேனுங்க" என்றார். கண்ணைத் திறந்தபோது கலாமணி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்துவிட்டாள். பத்துத் தடவையும் எண்ணியிருப்பாள். அதைத்தான் அவனால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அன்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்துச் சொன்னாள், அழவில்லை, கத்தவில்லை, கத்தியிருந்தால் அவனும் கத்தியிருப்பான். "நீங்க ஓட்டுங்க, வேண்டாங்கல. ஆனா காலு தரையில பட்டது உங்களுக்கே தெரியாமப் போற அன்னைக்கு வண்டிய வித்துப்போடோணும். பட்ட காலு மாட்டுனாலும் தெரியாது, முறிஞ்சாலும் தெரியாது. சத்தியம் பண்ணுங்க." மருதமலை இருக்கும் திசையைப் பார்த்து அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். செய்யும்போது சிரித்தான்கூட. தரையில் பட்டால் தெரியாமலா போகும்? பாதத்துக்குத் தெரியாவிட்டால் முழங்காலுக்குத் தெரியும், இடுப்புக்குத் தெரியும், வண்டிக்குத் தெரியும். அதனால்தான் மச்சானின் விரல் தப்பு. தப்பாகத்தான் இருக்க வேண்டும். அது சரி என்றால், வண்டி இல்லை. வண்டி இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை, பாறை இல்லை, பம்ப் கம்பெனியும் வீடும், வீடும் பம்ப் கம்பெனியும், நாற்பத்து நாலு வயதில் காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தைக் கண்ணாடியில் பார்த்துக் களிம்பு தடவிக்கொண்டு. சீ.

அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து செய்த வேலை இது. இது இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை? கலாமணி போனில் சொல்லியிருப்பாள். அண்ணா, ஒரு விரலு தூக்கிப்போடுங்ணா, அவரு வண்டிய வித்துருவாரு. அதுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நினைத்த மாத்திரத்தில் சிவராசு எதிரிலேயே வந்து நின்றார். மூன்றாவது செக்‌ஷன் முடிந்துவிட்டதால் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே, ஒரு கையில் மோர்ப் பாக்கெட்டோடு.

"குடிங்க மாப்ள. மொகம் கறுத்துக் கெடக்குது."

"வேண்டாங்க."

"ஒரு மார்க்குக்குப் போயி இப்புடி மொகத்தத் தூக்கி வெச்சுக்கலாமுங்களா?"

"நான் கால் வெக்கலைங்க மச்சான்."

"வெச்சீங்க மாப்ள."

"எனக்குத் தெரியாதா? என்ற காலு எனக்குத் தெரியாதா?"

சிவராசு மோர்ப் பாக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "கலா ஏதாச்சும் சொன்னாளா உங்ககிட்ட?"

"கலாவா? என்ன சொல்லோணும்?" என்று அவர் கேட்ட கேட்பில் ஒரு கள்ளமும் இல்லை. அதைக் கேட்டும் மயில்சாமி நம்பவில்லை. நம்பினால் வேறொன்றை நம்ப வேண்டியிருக்கும். "தள்ளுங்க மச்சான், என்ற முறை வந்துருச்சு" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். உண்மையில் இன்னும் ஒருவன் பாக்கி இருந்தான்.

ஏழாவதில் நடுவராக நின்றது சேலத்திலிருந்து வந்திருந்த ஸ்டெல்லா டீச்சர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கிளப்பில் யாரையும் தெரியாத ஆள். நல்லதாயிற்று. யாருக்கும் மச்சானும் இல்லை, அக்காளும் இல்லை. விசில் ஊதினார். மயில்சாமி ரெண்டாவது கியரில் போட்டான். பெடல் விழுந்ததா என்பதை எப்போதும்போல வண்டி முன்னே இழுப்பதை வைத்துத் தெரிந்துகொண்டான். முதல் ரெண்டு உருண்டைக் கல்லும் வண்டிக்கடியில் வந்தது தெரியாமல் போயின. எல்லாம் போயின. மச்சான் போனார், கலாமணி போனாள், டாக்டரின் மின்விசிறி நின்றது. முழங்கால் மடங்கி, இடுப்பு பின்னே சரிந்து, இடது கை ஒரு விரல் கிளட்சைத் திறந்து மூடித் திறந்து, எஞ்சின் முனகி, பின் டயர் அமுங்கிக் கல்லைக் கவ்வி விட்டுக் கவ்வி, பள்ளத்தில் இறங்குகிறோம், ஊற்றுத் தண்ணீர் கசிகிற சேறு, இங்கே மெதுவாக, மெதுவாக, முறுக்காதே, வலது பாதம் சொல்கிறது, வழுக்குகிறது, வழுக்குகிறது, இப்போது பிடித்துவிட்டது என்று சொல்கிறது, இடது பாதம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாவிட்டால் போகிறது, ஒற்றைக் காலே போதும், வண்டி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து எப்படியோ தானே நிமிர்ந்தது, என்ன வண்டி இது, தங்கம், இப்போது மார்பளவுப் படிப்பாறை, கிளட்சை விட்டு முறுக்கு, முன் சக்கரம் ஏறியது, உடம்பை எறி, பின் சக்கரம் ஏறியது, வானம் தெரிந்தது, வெளியேறும் அம்புக்குறி தெரிந்தது, கயிற்றைத் தாண்டினான். குதிக்கவில்லை, நிற்கவில்லை, ஒரே ஓட்டம். பத்து வருஷத்தில் இதுமாதிரி ஓட்டியதில்லை. தொண்டைக்குள் சிரிப்பு ஏறிக்கொண்டு வந்தது. பாருங்கடா, இதுதான்டா ஓட்டறது. மூடிய கையைப் பார்க்கத்தான் திரும்பினான்.

டீச்சர் ஒரு விரலைத் தூக்கி நின்றார்.

"எங்கீங்க?" என்று அவன் போட்ட சத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க வெச்சேன்? காட்டுங்க! நடுவர்னா என்ன வேணாலும் காட்டலாமா? கண்ணு தெரியாதவங்களையெல்லாம் புடிச்சாந்து நிறுத்தி இருக்கறானுக!" டீச்சருக்குக் கோபம் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் இதைவிடப் பெரிய சத்தங்களைக் கேட்டவர்போல அவனுடைய மார்க் அட்டையில் ஓட்டை போட்டுவிட்டு, "சேத்துல சார். எடது கால். அச்சு இருக்கு, வந்து பாருங்க" என்றார். பார்க்கத்தான் போனான். பார்த்து அவர் முகத்தில் கரியைப் பூசத்தான் விறுவிறுவென்று போனான். சேற்றில் டயர்த் தடம், அதன் இடப்பக்கம் முழுசாக, அழுத்தமாக, குதிகாலும் முன்பாதமுமாக ஒரு கால். கட்டம் கட்டமாக. தண்ணீர் அப்போதுதான் அந்தக் கட்டங்களுக்குள் ஊறி நிரம்பிக்கொண்டிருந்தது. குவாரி முழுக்க அந்த அடி வேறு யாருக்கும் கிடையாது. லேசாக உரசியதல்ல. வண்டியும் ஆளுமாக மொத்த பாரத்தையும் தாங்கி நின்ற கால். வண்டி தானே நிமிர்ந்ததே, அந்த இடம். தானே நிமிரவில்லை.

நம்ப மாட்டேன் என்று இன்னும் ஒரு வீம்பு மிச்சமிருந்தது. பாறைக்கு வந்து நின்று, குனிந்து, இடது பூட்ஸைப் பிடித்து இழுத்தான். சேற்றுத் தண்ணீர் இறங்கி நனைந்த சாக்ஸும் கூடவே கழன்று வந்தது. அடியைத் திருப்பிப் பார்த்தான். கட்டங்களுக்கு நடுவே ஈரச் சேறு அப்பியிருந்தது. ஒரு சொட்டு விழுந்தது. பூட்ஸைக் கையில் பிடித்தபடியே நின்றான். சிவராசு ஓடிவந்து பக்கத்தில் நின்றார். "ஒண்ணுதானுங்க மாப்ள. ரெண்டு பேரும் பன்னெண்டு. சுத்தமா முடிச்ச செக்‌ஷன் உங்களுக்குத்தான் ஜாஸ்தி. கப்பு உங்களுக்குத்தான்."

"மூணாவதுல எத்தன?"

"அதான் சொன்னனே, ஒண்ணு."

"எத்தனைங்க மச்சான்?"

சிவராசு மோர்ப் பாக்கெட்டைப் பார்த்தார். விசாகனின் வண்டியைப் பார்த்தார். அப்புறம் இடுப்புக்குக் கீழேயே, வேறு யாரும் பார்க்காதபடி கையைத் திருப்பி மூன்று விரலைக் காட்டினார். "ஒவ்வொரு தடவையும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓட்டிட்டுப் போனீங்க மாப்ள. எனக்குப் பயமாப் போச்சு. மூணக் காட்ட மனசு வரல."

அடித்துவிடலாம் போல இருந்தது. காலையிலிருந்து சேர்த்துவைத்திருந்த கோபம் எல்லாம் பொய்க் கோபம், இதுதான் நிஜம் என்று தெரிந்தது. தப்பாக ஒரு விரல் காட்டியிருந்தால்கூட மன்னித்திருப்பான். இரக்கப்பட்டல்லவா காட்டியிருக்கிறார். ஒழுகுகிற பம்ப்பின் மேலிருந்த பெருக்கல் குறியைத் துடைத்துவிட்டு, பரவாயில்லை, போ என்று தட்டிக்கொடுத்த மாதிரி. "டீச்சர்கிட்டப் போயி சொல்லுங்க. மூணாவதுல மூணு. அட்டையத் திருத்தச் சொல்லுங்க."

"மாப்ள, கப்பு போயிருமுங்க..."

"போங்கன்னா போங்க!"

அவர் போனார். மயில்சாமி போனை எடுத்தான். மணி ரெண்டு தடவை அடிப்பதற்குள் கலாமணி எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கையிலேயே வைத்திருப்பாள் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

"என்னாச்சுங்க?"

"பட்டுச்சு கலா," என்றான். குரல் இன்னும் கோபமாகத்தான் வந்தது, வேறெப்படி வர வைப்பது என்று தெரியவில்லை. "நாலு தடவ பட்டுச்சு. எனக்குத் தெரியல."

வண்டியை விற்கச் சொல்வாள், நான்தான் சொன்னேனே என்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அவள் ரெண்டையும் சொல்லவில்லை.

"செரி, வாங்க. அண்ணன் வண்டியில பின்னால உக்காந்து வாங்க," என்றாள். பிறகு, வழக்கமாகச் சொல்கிற குரலில், "பூட்ஸக் கழட்டிட்டு வெறுங்காலோட மட்டும் நின்னுறாதீங்க. இந்த வெயிலுக்குப் பாறை கொதிக்கும்."

பூட்ஸை இன்னும் கையில் பிடித்திருந்த அவன் குனிந்து கீழே பார்த்தான்.